ஆடும் தாயின் பின்னால் நின்ற வீடு



சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளியின் பொங்கல் விழாவிற்காக மாணவிகளுக்கு ஒரு நடனத்தைப் பயிற்றுவிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்த தோழி ஒருவர், "இரண்டாம் ஆண்டில் படிக்கிறானே அந்தப் பையன், அவனுடைய அம்மா முறையாகப் பரதம் படித்தவர். அரங்கேற்றமே செய்திருக்கிறார்" என்றார். மறுநாள் பள்ளி முடியும் வேளையில் வாயிலில் காத்திருந்த அந்தத் தாயிடம் சென்று கேட்டேன். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. தோளில் மூத்தவனின் தண்ணீர்ப் புட்டி. நான் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தி, டீச்சர்" என்றார்.

அவ்வளவுதான். பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்த ஒரு வரி என்னை விட்டுப் போகவில்லை. பெற்றோர் சந்திப்பு நாள்களில் எத்தனையோ முறை இதே வரியை நான் கேட்டிருக்கிறேன். 'முந்தி ஆடினேன், முந்தி பாடினேன், முந்தி வீணை படித்தேன்.' அந்த 'முந்தி'க்கும் 'இப்போது'க்கும் நடுவே எப்போதும் ஒரு தாலியோ ஒரு தொட்டிலோ இருக்கும்.

தாய்மையையும் கலையையும் சேர்த்து நடத்துகிற பெண்ணைக் கண்டால், 'எப்படித்தான் சமாளிக்கிறாரோ!' என்று வியக்கிறோம். நடத்த முடியாமல் விட்டவரைக் கண்டால், 'பாவம், முடியவில்லை' என்கிறோம். இரண்டிலும் ஒரே எண்ணம்தான் ஒளிந்திருக்கிறது. இது அந்தப் பெண்ணுடைய தனிப்பட்ட திறமையைப் பொறுத்தது என்ற எண்ணம். அது சரிதானா? பரதக்கலையின் சென்ற நூறாண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. அந்த விடையைத் தேடித்தான் இக்கட்டுரை.

இன்னொரு ஜார்ஜ் டவுன்

நாம் வாழும் பினாங்குத் தலைநகருக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் வந்தது, 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய காலத்தில் பிரிட்டனை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரால். சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. கறுப்பர் நகரம் என்று வெள்ளையர் அழைத்துவந்த பகுதிக்கு, 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டையொட்டி அப்பெயர் சூட்டப்பட்டது. அந்தச் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு வீட்டிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

அது வீணை தனம்மாளின் வீடு. தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய இசைக் குடும்பத்தின் வழிவந்த அவர், 1938இல் மறைந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் இல்லத்திலேயே வீணை வாசிப்பார். ஊரின் பெரிய வித்துவான்களும் இசையறிந்தோரும் அந்தச் சிறு கூடத்தில் அமைதியாக அமர்ந்து கேட்டுவிட்டுச் செல்வார்கள். முதுமையில் கண்பார்வை குன்றிய பின்னும் வீணை நிற்கவில்லை. இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என்ற நான்கு பெண்மக்களுக்கு அவர் தாய். நால்வரும் பாடகிகள். காமாட்சியின் பெண்களே பிற்காலத்தில் புகழ்பெற்ற பிருந்தா, முக்தா சகோதரிகள். ஜெயம்மாளின் மகள் பாலசரசுவதி. பிள்ளைகளான புல்லாங்குழல் விசுவநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அவருக்குத் தம்பியர்.

இந்த வீட்டை ஒரு பள்ளி ஆசிரியையின் கண்கொண்டு பாருங்கள். கற்பிப்பவள் பாட்டி. பயிற்சியைக் கவனிப்பவர்கள் தாயும் சிற்றன்னையரும். உடன் படிப்பவர்கள் சிற்றன்னையின் பிள்ளைகள். வகுப்பறை, வீட்டுக் கூடம். குழந்தை தாயின் மடியில் இருந்தபடியே இராகத்தைக் கேட்டு வளர்கிறது. 'கலையா, குழந்தையா?' என்ற கேள்வி இவ்வீட்டில் எழ இடமே இல்லை. தாய்வழியாகக் கலையைக் கொடுத்து வந்த அக்குடும்பத்தில், பிள்ளை பெறுவது கலைக்கு முற்றுப்புள்ளி ஆகவில்லை. அடுத்த மாணவியும் அங்கேதான் பிறந்தாள்.

ஜெயம்மாளின் துணிவு

பாலசரசுவதி 1918ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பிறந்தார். நடமாடத் தொடங்கிய நாளிலிருந்தே ஆடும் ஆசை அவருக்கு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய ஆடற்கலைஞர் கௌரி அம்மாளின் ஆட்டம் அச்சிறுமியை ஈர்த்தது. ஆனால் அந்தக் காலம் ஆடலுக்கு உகந்த காலமன்று. கோயிலாடல் மரபுக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றிருந்தது. 'ஆடுகிறவள்' என்ற சொல்லே இழிசொல்லாகிவிட்டிருந்தது. இசைக்குப் பெயர்பெற்ற குடும்பத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை ஆடலுக்கு விடுவதா என்று சுற்றத்திலேயே எதிர்ப்பு எழுந்தது.

அப்போது உறுதியாக நின்றவர் தாய் ஜெயம்மாள். கண்டிப்புக்குப் பேர்போன கந்தப்பப் பிள்ளையிடம் தம் மகளை ஒப்படைத்தார். தஞ்சை நால்வரின் வழிவந்த நட்டுவனார் அவர். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது. 1934இல் கல்கத்தாவில் ஆடியபோது தென்னாட்டிற்கு வெளியேயும் அவருடைய பெயர் பரவியது.

ஜெயம்மாள் மகளைக் கொண்டுபோய் வகுப்பில் விட்டுவிட்டு, வாசலில் காத்திருந்த தாயல்லர். மகள் ஆடும்போது மேடையில் அமர்ந்து பாடியவர். பல ஆண்டுகள் பாலாவின் ஆட்டத்திற்கு ஜெயம்மாளின் குரலே துணையாயிற்று. மகள் ஒரு வரிக்கு எத்தனை விதமாய் முகபாவம் காட்டுகிறாளோ, அத்தனை விதமாய்த் தாயும் அந்த வரியைத் திருப்பிப் பாட வேண்டும். மகள் அடுத்து எங்கே போகப்போகிறாள் என்று தாயின் குரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் ஒரே இசையை உண்டு வளர்ந்தவர்களுக்கே வாய்க்கும் ஒத்திசைவு இது.

மறைக்கக்கூடாத மறுபக்கம்

இவ்வாறு எழுதும்போது, அந்தப் பழைய மரபில் எல்லாமே நன்றாக இருந்தது என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக்கூடாது. அம்மரபில் பிறந்த பெண்களுக்குச் சட்டப்படியான மண வாழ்க்கை பெரும்பாலும் மறுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயர் கிடைப்பதில் சிக்கல் இருந்தது. வறுமையிலும் சுரண்டலிலும் சிக்கிய பெண்கள் பலர். தனம்மாளின் வீட்டைப் போன்ற வீடுகள் சிலவே.

இதை உள்ளிருந்தே அறிந்தவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் சந்திரம்மாள் அம்மரபில் வந்தவர். மருத்துவராகி, 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்ற முத்துலெட்சுமி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் நிறைவேறியது. இரண்டு ஆண்மக்களுக்குத் தாயாக இருந்துகொண்டே மருத்துவப் பணியும் பொதுப்பணியும் செய்தவர் அவர். பெண் குழந்தைகளைக் காப்பதே அவருடைய நோக்கம். அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை.

ஆயினும் வரலாற்றில் ஒரு நன்மை வரும்போது ஓர் இழப்பும் உடன் வந்துவிடுவதுண்டு. ஒரு கொடிய வழக்கம் ஒழிந்தது. அதனோடு, ஆடும் பெண்ணுக்குப் பின்னால் பாட்டியும் தாயும் சிற்றன்னையருமாக ஒரு வீடே நின்ற ஏற்பாடும் சிதறியது. அதற்கு மாற்றாக எந்த ஏற்பாட்டை நாம் உண்டாக்கினோம் என்ற கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

தாயான பாலா

1936 தொடங்கி, பாலசரசுவதியின் வாழ்க்கைத் துணையாக விளங்கியவர் ஆர். கே. சண்முகம் செட்டியார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் அவரே. 1943இல் அவர்களுக்கு இலட்சுமி என்ற மகள் பிறந்தாள்.

அந்த 1940கள் பாலாவின் வாழ்வில் மிகக் கடினமான காலம். குரு கந்தப்பப் பிள்ளை சென்னையை விட்டு வடக்கே அல்மோராவில் உதயசங்கரின் கலை மையத்தில் பயிற்றுவிக்கச் சென்று, சில ஆண்டுகளில் மறைந்தும் போனார். நட்டுவனார் இல்லாமல் பரதக் கச்சேரி இல்லை. பாலாவின் உடல்நலமும் குன்றியது. மரபுக் குடும்பங்களின் மீதிருந்த பழிச்சொல்லோ ஓயவில்லை. கையில் குழந்தை. இன்றைய கணக்கில் பார்த்தால், 'அதெல்லாம் முந்தி' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன.

அவர் மீண்டு வந்தார். தனியாக வரவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. கந்தப்பப் பிள்ளையின் மகன் கணேசன் நட்டுவாங்கம் செய்ய முன்வந்தார். தாய் ஜெயம்மாள் பாடினார். தம்பி ரங்கநாதன் மிருதங்கம் வாசித்தார். தம்பி விசுவநாதன் குழலோடும் குரலோடும் துணை நின்றார். அறிஞர் வே. இராகவன் போன்றோரின் முயற்சியால் 1953இல் சென்னை மியூசிக் அகாதமியின் ஆதரவில் ஒரு நடனப் பள்ளி தொடங்கி, பாலா அங்கே ஆசிரியையானார். அதே 1953இல் சண்முகம் செட்டியார் காலமானார். மகளுக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை.

அதற்குப் பின்புதான் உலகம் அவரைக் கண்டது. 1961இல் டோக்கியோவில் நடந்த கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார். 1962இல் அமெரிக்காவில் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவிலும் 1963இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தார். தம்பியர் இருவரும் பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியப் பணி ஆற்றினார்கள். 1973இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆடற்கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. மூன்றாண்டு கழித்து அதே விருதைச் சிற்றன்னை மகள் பிருந்தாவும் பெற்றார். ஒரு பாட்டியின் கூடத்தில் வளர்ந்த இரு பேத்திகள்!

இவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட ஆடல் ஒன்று உண்டு. வியாசராயர் கன்னடத்தில் இயற்றிய 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் பாடலுக்கான அபிநயம் அது. யசோதை தன் பிள்ளையை விரைந்து வா என்று அழைக்கிறாள். மண்ணைத் தின்ற வாயைத் திறந்து காட்டச் சொன்னவள், அவ்வாய்க்குள் உலகத்தையே காண்கிறாள். 1976இல் இயக்குநர் சத்யஜித் ராய் பாலாவைப் பற்றி எடுத்த குறும்படத்தில், கடற்கரையில் காற்றில் சேலைத் தலைப்பு பறக்க அவர் இதை ஆடுவதைக் காணலாம். அப்போது அவருக்கு வயது 58. ஒப்பனையால் இளமையாக்கப்பட்ட உடலன்று அது. நடுவயதைக் கடந்த, பருத்த, ஒரு தாயின் உடல். அந்தக் கண்களும் விரல்களும் அழைக்கும்போது, பார்ப்பவருக்கு எதிரே இல்லாத குழந்தை தெரிகிறது.

தாயானவர்தான் யசோதையை ஆட முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பெறாத மேதைகளும் யசோதையாக ஆடிக் கண்ணீர் வரவழைத்திருக்கிறார்கள். தாய்மையும் வயதும் ஆடலைக் கொன்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதற்கு அந்தக் கடற்கரைக் காட்சி போதுமான மறுப்பு என்பதே என் கருத்து.

மணவறையோடு முடிந்த அரங்கேற்றம்

இப்போது கதையின் மறுபாதி. பாலாவின் இளமைக் காலத்திலேயே பரதம் வேறொரு வாசல் வழியாகவும் வளரத் தொடங்கியது. 1935இல் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் விழாவில் உருக்மிணி தேவி ஆடினார். 1936இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் கலாசேத்திரா எனப் பெயர் பெற்றது. அவரும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றவரே. படித்த, வசதியுள்ள குடும்பங்களின் பெண்கள் பரதம் கற்கலாம் என்ற நிலை இதனால் உண்டாயிற்று. இன்று நம் பிள்ளைகள் கூச்சமின்றிச் சலங்கை கட்டுவதற்கு இந்த மாற்றம் ஒரு பெருங்காரணம். அதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் புதிதாக ஆட வந்த பெண்களின் வீடுகளில், ஆடும் தாய் ஒருத்தி ஏற்கெனவே இருந்ததில்லை. பாட்டி பாடியதில்லை. மருமகள் ஆடினால் மாமியார் என்ன செய்ய வேண்டும் என்று அவ்வீடுகளுக்குத் தெரியாது. ஆகவே பல குடும்பங்களில் நடனம் பெண்ணின் பருவ அழகுகளில் ஒன்றாயிற்று. பெண் பார்க்க வருபவர்களிடம் பெருமையாகச் சொல்லத்தக்க ஒரு தகுதி. அரங்கேற்றம் என்ற சொல்லுக்கு அரங்கில் முதன்முதலாக ஏறுதல் என்று பொருள். அது ஒரு தொடக்கம். நம் வீடுகளிலோ அதுவே நிறைவு விழாவாகிவிட்டது. மண்டபம், அழைப்பிதழ், பட்டாடை, படத்தொகுப்பு எல்லாம் முடிந்த பின் சலங்கை பெட்டிக்குள் போகிறது.

ஒரு செய்தியை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கந்தப்பப் பிள்ளையும் ஒரு தந்தைதான். அவர் ஊர்விட்டு ஊர் சென்று பயிற்றுவித்தார். 'பிள்ளையையும் கலையையும் எப்படிச் சமாளித்தீர்கள்?' என்று அவரைக் கேட்டவர் யார்? எந்த நட்டுவனாரிடமும் எந்த மிருதங்க வித்துவானிடமும் நாம் அக்கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களுடைய வீட்டில் யாரோ ஒருவர் சமைத்தார், யாரோ ஒருவர் பிள்ளையைத் தூங்க வைத்தார் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். ஆண் கலைஞனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வீடு இருந்தது. பெண்ணை மட்டும்தான் தானே கலைஞராகவும் தானே வீடாகவும் இருக்கச் சொல்கிறோம்.

நம் பக்கத்துக் கரைகள்

இந்த வீட்டை நம் மண்ணில் மறுபடி கட்டியவர்கள் உண்டு. சிங்கப்பூரின் சாந்தா பாஸ்கர் அவர்களுள் ஒருவர். 1939இல் கேரளத்தில் பிறந்த இவர், நடன ஆசிரியர் கே. பி. பாஸ்கரை மணக்க 1955இல் சிங்கப்பூர் வந்தார். பதின்பருவப் பெண். பழக்கமில்லாத நாடு. கணவர் 1952இல் தொடங்கியிருந்த நடனப் பள்ளியே அவர்களின் வாழ்க்கையாயிற்று. சீனர்களின் புகழ்பெற்ற காதல் கதையான லியாங், ஜூ வரலாற்றை 1958இலேயே பரத நாட்டியமாக ஆக்கினார். மூன்று பிள்ளைகளைப் பெற்றார். ஆடினார், பயிற்றுவித்தார், புது நடனங்களை அமைத்தார். 1990இல் சிங்கப்பூரின் உயரிய கலாசாரப் பதக்கம் பெற்றார். அவருடைய மகளும் ஆடற்கலைஞரானார். 2022 பிப்ரவரியில், 82ஆம் வயதில் மறையும் காலம்வரை அவர் கலைப்பணியை விடவில்லை. அங்கே கணவனும் மனைவியும் ஒரே தொழிலில் இருந்தார்கள். கலைக்காகப் பிரிந்து செல்ல வேண்டிய வீடு என்று ஒன்று இல்லை.

நம் மலேசியாவில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரசுவதியின் வழிகாட்டுதலில் 'டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' என்னும் நுண்கலை நிறுவனம் தோன்றியது. பினாங்கிலும் அதற்குக் கிளை உண்டு. அதன் தொடக்கத் தூண்களாக நின்றவர்கள் சிவதாஸ், வத்சலா இணையரும் கோபால் ஷெட்டி, ராதா இணையரும் ஆவர். இங்கும் தம்பதியராகவே கலையைச் சுமந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சென்னை ஜார்ஜ் டவுனின் கூடமாகட்டும், சிங்கப்பூரின் பள்ளியாகட்டும், கோலாலம்பூரின் நிறுவனமாகட்டும், நிலைத்து ஆடிய தாய்மார்களைத் தேடிப் போனால் அவர்களுக்குப் பின்னால் ஆள்கள் தென்படுகிறார்கள். பாடிய தாய், தாளம் தட்டிய தம்பி, பாதி வகுப்பை நடத்திய கணவர். 'எப்படிச் சமாளித்தார்?' என்று கேட்பதைவிட, 'உடன் நின்றவர் யார்?' என்று கேட்டால் வரலாறு தெளிவாக விடை சொல்கிறது.

இலட்சுமியின் முறை

பாலாவின் மகள் இலட்சுமி, தாயைப் போல ஏழு வயதில் மேடை ஏறவில்லை. மரபுக் குடும்பத்துப் பெண்கள் ஆடுவதைச் சமுதாயம் ஏளனமாகப் பார்த்த காலத்தில் வளர்ந்தவர் அவர். 1973இல், முப்பது வயதை ஒட்டித்தான் அவர் அரங்கேறினார். அமெரிக்க மிருதங்கக் கலைஞர் டக்ளஸ் நைட்டை மணந்து, ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். பாலா 1984 பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்த பின், தாயின் கலையைத் தம் மகன் அனிருத்தாவிற்குக் கற்பித்தார். 2001இல் இலட்சுமியும் மறைந்தார். மகன் ஆடற்கலைஞரானார். தாய்வழியாகவே வந்த ஆடற்கலை, இம்முறை ஒரு மகனிடம் போய்ச் சேர்ந்தது.

முப்பது வயதை ஒட்டி அரங்கேற்றம்! பதினாறு வயதில் ஆடி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்கும் திரும்புவதற்கும் காலம் கடந்துவிடுவதில்லை.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் தனியார் துறைப் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு உண்டு. மகிழ்ச்சியே. ஆனால் வாடகை மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்தும் நடன ஆசிரியைக்கு முதலாளி இல்லை. ஆகவே சம்பளத்துடன் கூடிய விடுப்பும் இல்லை. வகுப்பு நின்றால் வருமானம் நின்றது. மாணவிகள் வேறிடம் சென்றால் திரும்பி வருவது நிச்சயமில்லை. சட்டம் எட்டாத இந்த இடத்தில் அவளுக்குத் துணை, அவளைச் சூழ்ந்திருக்கும் நாம்தான்.

அதனால் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். மகளின் நடன வகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டுகிறீர்கள். அவள் தாயான பின், வாரத்தில் இரண்டு மாலை அவளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கேற்றத்திற்கு நீங்கள் செலவிட்டதைவிட அது பெரிய உதவி. மருமகள் ஆடியவள் என்றால், அவளுடைய சலங்கைப் பெட்டி வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மகன்களையும் மறவாதீர்கள். தங்கையின் ஆட்டத்திற்குத் தாளம் போடவும், அழும் குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்தவும் பழகிய பையன், நாளை ஒரு கலைஞரின் நல்ல கணவனாவான்.

ஆசிரியப் பெருமக்களுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

அந்தத் தாயிடம் நான் கேட்டது, "பிள்ளைகளுக்கு ஒரு நடனம் சொல்லித்தர முடியுமா?" என்பது மட்டுமே. அவருடைய இடுப்பிலிருந்த குழந்தையை என் கண் பார்த்தது. வாய் அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பயிற்சி எத்தனை மணிக்கு, குழந்தை எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார், அவர் செலவிடும் நேரத்திற்கு நாம் என்ன தருவோம் என்று எதையும் நான் யோசித்திருக்கவில்லை. கலையை மட்டும் கேட்டேன். அதைத் தாங்கும் வீட்டின் ஒரு மூலையைக்கூடக் கொடுக்க முன்வரவில்லை. பிறகு அவர் மறுத்ததை எண்ணி வருந்தினேன்!

ஒரு வாரம் கழித்து மறுபடி அவரைச் சந்தித்தேன். இம்முறை வேறு விதமாகக் கேட்டேன். பயிற்சியைப் பள்ளி முடிந்தவுடன் வைத்துக்கொள்ளலாம், மூத்தவன் நூலகத்தில் வீட்டுப்பாடம் செய்யட்டும், சின்னவளைப் பாலர் பள்ளி வகுப்பறையில் நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சிறு தொகை தரும் என்றேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், டீச்சர்" என்றார்.

அடுத்த புதன்கிழமை வந்தார். தனியாக வரவில்லை. அவருடைய அம்மாவும் உடன் வந்திருந்தார். எங்கள் பாலர் பள்ளி ஏற்பாடு தேவைப்படவே இல்லை. பாட்டி மண்டபத்துப் படிக்கட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். மகள் மாணவிகளுக்கு அரைமண்டியில் நிற்கக் காட்டித்தந்தபோது, முதலில் அவருடைய முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சிரித்துவிட்டு மறுபடி நின்றார். சற்று நேரத்தில் படிக்கட்டிலிருந்து மெல்லிய ஓசை கேட்டது. பாட்டி, பேத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மேடைக்குத் திரும்புவாரா என்று நான் கேட்கவில்லை. அது அவர் முடிவு செய்ய வேண்டியது. அந்தப் பொங்கல் விழாவில் எங்கள் மாணவிகள் ஒன்பது பேர் ஆடினார்கள். அவர்களில் எவளும் நாளை 'அதெல்லாம் முந்தி' என்று சொல்ல வேண்டியதில்லாமல் இருக்க, இன்றே அவர்களுக்குப் பின்னால் ஒரு வீட்டை நாம் கட்டத் தொடங்க வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் குடும்பத்திலும் இப்படி நின்றுபோன கலை ஏதேனும் இருந்தால், இன்று மாலையே அதைப் பற்றி ஒரு சொல் கேட்டுப் பாருங்கள்.